ஆரஞ்சு மெஷினுக்கு வைத்த பொட்டு

ஹாலிஎலையில் என் மச்சினனின் கராஜுக்குள் காலை பத்து மணிவரை பனி இருக்கும். கூரைத் தகரத்துக்கும் ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வேனுக்கும் இடையில் அது மெல்ல அசையும், வேனே தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல. ஓய்வுபெற்ற பிறகு அங்கே ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. அரச அலுவலகமொன்றின் கொள்வனவுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவனுக்கு அது புதிய நிலைமையும் அல்ல.

மச்சினனிடம் இருந்த பேட்டரி மெஷின்கள் எல்லாம் நீல நிறக் கம்பெனி ஒன்றினுடையவை. நட்டுக் கழற்றுவது, கிரைண்டர், ட்ரில், வண்டிக்கு அடியில் செருகும் விளக்கு. இவை நான்குக்கும் பொதுவாக மூன்று பேட்டரிகள். அவற்றில் இரண்டு நாள் முழுவதும் சார்ஜரில் கிடந்துவிட்டு இரண்டே நட்டில் களைத்துப்போயின. அப்படிப்பட்ட உத்தியோகத்தர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் மெஷினில் ஏறாது. சம்பந்தம் பேசும் வீடுகளாவது சில நேரம் இறங்கி வரும், இந்தக் கம்பெனிகள் வருவதில்லை. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

உண்மையில் பிரச்சினை பேட்டரி அல்ல, அவனுடைய வலது மணிக்கட்டு. நீல மெஷின் கனமானது. ஒவ்வொரு நட்டுக்கும் பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் மணிக்கட்டைப் பொத்திக்கொள்வான். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“இந்தக் கை போச்சுன்னா கராஜ பூட்டிட்டு கொழும்புல மக வீட்டுல போய் உக்கார வேண்டியதுதான் அத்தான்” என்றான், மழை வரும் என்று சொல்வதைப்போல.

மகளின் வீடு நான்காம் மாடியில். கழுவிய கைகளோடு அவன் அங்கே சோபாவில் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஆளைச் சரியாகப் பொருத்த முடியவில்லை.

பதுளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி, எங்கள் எல்லோருக்கும் நானா, ஒரு வாரத்துக்கு ஆரஞ்சு நிற மெஷின் ஒன்றை இரவலாகத் தந்தார். வேறு கம்பெனி, பாதிக் கனம். “கொண்டுபோய்ப் பாருங்க. புடிக்காட்டி நானே வந்து எடுத்துக்கிறேன்.”

எனக்கு உயிர் வந்தது. கனம், பலம், சார்ஜ் ஏறும் நேரம் என்று கட்டங்கள் போட்டு ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாரித்தேன். குறைந்தது மூன்று விலைமனுக்கள் வேண்டும் என்றேன்.

“விக்கிறது நானா ஒருத்தர்தான். அவருகிட்டயே மூணு தடவ கேப்பமா அத்தான்?”

வேன்களில் ஆரஞ்சு நன்றாகவே வேலை செய்தது. மடுல்சீமையிலிருந்து வரும் தோட்ட லொறியின் பின்சக்கரத்தில் பரீட்சித்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று நான் அறிவித்தேன். லொறிக்காகக் காத்திருந்தோம். மலைச் சரிவில் வெயிலும் நிழலும் இடம் மாறிக்கொண்டிருந்தன. என் அட்டவணையின் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது.

அதற்குள் ஆயுத பூசை வந்தது. மச்சினனின் மனைவி நட்டுச் சாவிகளையும் சுத்தியல்களையும் துடைத்து வாழையிலையில் அடுக்கினாள். மத்தியானம் நானா தன் சாமானை எடுத்துப்போக வந்தபோது, நடுவில் ஆரஞ்சு மெஷின் அமர்ந்திருந்தது. சந்தனப் பூச்சு, அதன்மேல் குங்குமம். மற்றவற்றின் பொட்டைவிட இதன் பொட்டு பெரியது.

“தங்கச்சி, இது நம்ம கடச் சாமான் தானே” என்றார் நானா.

“நெனப்பில்லாம வச்சிட்டேன் நானா. பொட்டு வச்சி பூச போட்டத எப்படிங்க திருப்பி அனுப்புறது? வீட்டுப் புள்ளய வெளிய அனுப்புன மாதிரி ஆகிருமே.”

நானா என் பக்கம் திரும்பினார். “சேர், இதுக்கு ஒங்க பேப்பர்ல கட்டம் இருக்கா?”

இல்லை. நானா பூசைக் கடலையை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, விற்பனையை முடித்த திருப்தியோடு போனார். அவள் நினைப்பில்லாமல் வைத்தாள் என்பதை நான் நம்பவில்லை. சில மாதங்களாகக் கணவன் கரண்டியால் சோறு சாப்பிடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

மூன்றாம் நாள் லொறி வந்தது, அச்சாணிவரை செம்மண்ணோடு. முன்சக்கர நட்டுகள் ஆரஞ்சுக்கு இணங்கின. பின்சக்கரத்தில் அது முனகியது, துடித்தது, நட்டு அசையவில்லை. “சொன்னேனே” என்பது என் நாக்குவரை வந்தது. மச்சினனின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவன் உயிரோடிருந்த ஒரே பேட்டரியை நீல மெஷினில் மாட்டினான். தூக்குவதற்கு முன்பே இடது கை மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

கதிரையிலிருந்து எழுந்தேன். “இங்க குடு.”

“பேனா புடிச்ச கை அத்தான்.”

“அதனாலதான் இன்னும் பழுதாகாம இருக்கு. குடு.”

“ரெண்டு கையாலயும் புடிங்க. ஒதறும்.”

எத்தனையோ கருவிகளுக்குச் சிபாரிசு எழுதியவன் நான். ஒன்றையும் கையில் பிடித்ததில்லை. விசையை அழுத்தியதும் அதிர்வு தோள்வழியாகப் பல்லுக்கு ஏறியது. எதிரே தேயிலைச் சரிவு நீரில் தெரியும் நிழலாக நடுங்கிக் கலைந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஏதோ ஒன்று மனமிரங்கியது. நட்டு சுழன்று வந்தது. மச்சினன் பக்கத்தில் குந்தியிருந்து, சூடான நட்டுகளை ஒவ்வொன்றாகத் தகர டப்பாவில் போட்டான். மடுல்சீமை டிரைவர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று, “ஐயா புதுசா சேந்திருக்காரா?” என்று கேட்டார்.

“ஆமா, லொறி வேலைக்கு மட்டும்” என்றான் மச்சினன்.

சக்கரம் கழன்று சாய்ந்தபோது அவனுக்குக் கொழும்பிலிருந்து மகளின் அழைப்பு வந்தது. தோளால் போனை அணைத்துக்கொண்டு பேசினான்.

“வாறேம்மா. தீவாளிக்கு வாறேன். ரெண்டு நாள் இருந்துட்டு வந்துருவேன், இங்க வேல கெடக்கு.”