கண்ணுக்குள் ஒரு தேதி

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, திறந்த லிஃப்டுக்கு எதிரே மூன்றாவது படியில் நிற்கிறார் எங்கள் லிஃப்ட்காரர். பார்வை லிஃப்டுக்குள் இருக்கும் தகட்டின் மேல். ‘எட்டு பேர், 544 கிலோ’ என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் எழுத்தைப் படிப்பதில்லை. தகட்டின் மூலையில் இருக்கும் திருகையும், அதன் தலையில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும்தான் பார்க்கிறார். பிறகு கை மாறுகிறது, கண் மாறுகிறது. தினமும் காலையில் இதே கூத்து. திருகு ஓடியா போய்விடும் என்று ஒருநாள் கேலி செய்தேன். “திருகு இருக்கும் சார். கண்ணு இருக்கணுமே” என்றார். சிரிக்கவில்லை.

எங்கள் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பவர் அவர்தான். வயது அறுபத்து மூன்று. மாதம் ஒருமுறை அவரோடு மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது குடியிருப்போர் சங்கச் செயலாளரான என் வேலை. அந்த அறையில் ஒவ்வொரு பாகத்தின் மேலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு தேதி இருக்கும். அந்த நாள் வந்துவிட்டால் பாகம் பளபளவென்று இருந்தாலும் கழற்றிவிடுவார். இன்னும் ஒரு மாதம் ஓடட்டுமே என்று நான் இழுத்தால், “தாராளமா ஓடட்டும். நீங்க அதுல போங்க, நான் படியில வர்றேன்” என்பார். உடனே புதுப் பாகத்துக்குப் பணம் ஒதுக்கிவிடுவேன்.

நான்கு வருடத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் மாற்றிக்கொண்டார். அதன் பிறகு அவர் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மூக்குக்கண்ணாடியைப் பரணில் போட்டார். எதிர்க் கட்டடத்தின் எட்டாவது மாடியில் காயும் துணியில் எத்தனை கிளிப், என்ன நிறம் என்று கேட்காமலே சொல்வார். இந்த வருடம் பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சே இல்லை.

காரணத்தை அவர் மனைவி சொன்னார். ஆஸ்பத்திரியில் கொடுத்த லென்ஸ் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அடிக்கடி எடுத்துப் பார்க்கிறாராம். அட்டையில் ஒட்டிய சீட்டில், மருந்துப் பட்டையில் இருப்பதுபோல ஒரு கடைசித் தேதி. அது அடுத்த மாதம் வருகிறது. இரண்டு கண்ணிலுமே நான்கு மாதமாகப் புகை படிந்தது போல மங்கல். ஆயுள் முடிந்த பாகம் வேலையைக் காட்டுகிறது என்று மனிதர் முடிவே கட்டிவிட்டார். டாக்டரிடம் போய்த் தொலைய வேண்டியதுதானே என்று அவரிடமே கேட்டேன். “போடுறது சுலபம் சார். வருஷக்கணக்கா உள்ள இருந்ததைக் கழட்டுறப்போ, கூட என்னென்ன பிஞ்சு வரும்னு எனக்குத் தெரியும்” என்றார். இறுகிப்போன போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியே வயதானவர். அவர் சொன்ன விதத்தில் எனக்கே கண் கூசியது.

அந்த மாதச் சோதனையில் லிஃப்டின் இரும்புக் கயிறுகளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அவர் வழக்கம்போல ஒரு பழைய துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தார். அறுந்த கம்பி இழை நீட்டிக்கொண்டிருந்தால் துணி மாட்டும். மாட்டியது. கையை எடுத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“தெரியல சார். இவ்வளவு கிட்டக்க இருக்கு, எனக்குத் தெரியல.” பிறகு, “எட்டு பேர்” என்றார்.

லிஃப்டை அப்போதே நிறுத்திவிட்டார். புதுக் கயிறு வந்து மாட்ட மூன்று நாள் ஆனது. மூச்சிரைக்க ஏறிய குடியிருப்போர் எல்லோரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். முந்தைய மூன்று மாதமும் அந்தக் கண்ணை நம்பிக் கையெழுத்துப் போட்டவன் நான். லிஃப்டை நிறுத்திய மறுநாளே நானும் அவர் மனைவியுமாக அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். “இது பிரிக்காத டப்பாவுக்குப் போட்ட தேதி. அதுக்குள்ள எடுத்துக் கண்ணுல வெச்சுட்டா அப்புறம் கெடு எதுவும் இல்லை. உங்க காலம் வரைக்கும் இருக்கும்.” லென்ஸ் நன்றாகவே இருக்கிறது, அதைத் தாங்கும் பையின் பின்பக்கச் சவ்வுதான் மங்கியிருக்கிறது, சில வருடம் கழித்துப் பலருக்கும் இப்படி வருவதுதான் என்று விளக்கினார். எதையும் கழற்ற வேண்டாம். லேசரில் சில நிமிட வேலை. லிஃப்ட்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: நான்கு மாதம் முன்பே வந்திருந்தால்? அப்போதே சரிசெய்திருக்கலாம் என்றார் டாக்டர்.

லேசர் முடிந்து பார்வை பளிச்சென்று ஆகிவிட்டது. போன வாரம் மோட்டார் அறைக்குள் நுழையும்போதே, உள்சுவரில் இருந்த பொடி எழுத்தைக் கதவருகிலிருந்தே படித்துக் காட்டினார். பழைய தம்பட்டம் திரும்பிவிட்டது என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். டார்ச் அடித்துப் புதுக் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “சுத்தம்” என்றார். நான் பேனாவைத் திறந்தேன். அவர் டார்ச்சை அணைத்துக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்த துணியை உருவினார். இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, துணியைக் கயிற்றின் மேல் மெல்ல இழுக்கத் தொடங்கினார்.