சங்கு ஊதாத மதியம்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சேலத்தில் ஒன்பதாம் வகுப்புக்குத் தொழிற்புரட்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "ஆலைகள் வந்த பிறகு மனிதனின் பசிக்கும் நேரம் குறித்துவிட்டார்கள்" என்று சொல்லும்போதே பக்கத்து மில்லில் சங்கு ஊதியது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏற்காட்டில் அம்மா காப்பிப் பழம் பறித்த எஸ்டேட்டிலும் கரண்டில் ஊதும் சங்கு இருந்தது. அது ஊதினால்தான் சாப்பாட்டு நேரம். பள்ளியில் சேராத வயதில் நான், கைக்குழந்தையான தம்பியைப் பால் குடிக்க அங்கே தூக்கிப்போவேன். ஒரு நாள் மதியமாகியும் சங்கு ஊதவில்லை. தம்பி வீறிட்டு அழுதான். சற்றுத் தள்ளி பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மாவின் ரவிக்கை நனைந்திருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, பொழுது உச்சிக்கு வந்துருச்சுங்க. புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்தர்றனுங்க."

"சங்கு ஊதட்டும்."

"கரண்டே இல்லீங்களே! கரண்டு போனா மேஸ்திரிக்குப் பசியும் எடுக்காதாட்ட இருக்குது" என்றார் பக்கத்தில் நின்ற மரியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கூடையை யாரும் இறக்கவில்லை.

ஒருவழியாகச் சங்கு ஊதியபோது தம்பி அழுது களைத்துத் தூங்கிவிட்டான். "எந்திரி சாமி, அம்மா வந்துட்டேன்" என்று கன்னத்தைத் தட்டினார். அவன் தூக்கத்தில் முனகினானே தவிர வாய் திறக்கவில்லை. வேலைக்குத் திரும்புவதற்குமுன் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டிக்கொண்ட பாலைக் காப்பிச் செடியின் தூரில் பீய்ச்சினார்.