பேய்ப்படத்தில் பெண் பார்த்த கதை

எந்தப் பேய்ப்படம் உண்மையில் பயங்கரமானது? இந்தப் பகுதியில் டாக்கிப் படங்களைப் பற்றி நாலு வரி கிறுக்கியதிலிருந்து வாசகர்கள் இதையே கேட்கிறார்கள். நேற்று சலூனில், பாதி முகம் சவரமாகியிருக்கும்போதுகூட ஒருவர் கேட்டார்!

என் கட்சி இதுதான் — இங்கிலீஷ் பேய்களுக்குப் பயப்பட முடியாது. கோட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி, கதவைத் தட்டி அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வருகிற பேயிடம் என்ன பயம்? எங்கள் ஆபீஸ் துரைகூட இத்தனை மரியாதையாக வருவதில்லை.

போன ஞாயிறு மத்தியானம் வரை இப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் தங்கை மகள் கமலத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிளார்க். இப்போது கொழும்பில் ஒரு நாகரிகம் உண்டு. பெண்ணை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை. இரண்டு குடும்பமும் 'தற்செயலாக' ஒரே மாட்டினி ஷோவுக்குப் போகும். 'தற்செயலாக' பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும். பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் கலைந்து போகலாம். பெண் வீட்டுக்கு அவமானமில்லை... பலகாரம் சுடும் வேலையுமில்லை.

படத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்திரிகையில் எழுதுகிறவன் அல்லவா! கொட்டாஞ்சேனையில் தியேட்டர் மதிலில் இருந்த போஸ்டரைப் பார்த்தேன். வெள்ளைக் கவுன் போட்ட ஒருத்தி, கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவரின் கைகளில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். கீழ்ப்பாதியில் படத்தின் பெயரை மறைத்து யாரோ பற்பொடி விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். காதல் படம், சம்பந்தம் பேசப் பொருத்தமானது என்று முடிவு கட்டினேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கோட்டுக்காரர் சவப்பெட்டியிலிருந்து எழும்பினார்!

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கோட்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு கதாநாயகிக்குப் பின்னால் வந்தார். காலரியிலிருந்து யாரோ, "நோனா, பஸ்ஸ பலன்ன!" என்று கத்தினான் — அம்மணி, பின்னால் பார் என்று சிங்களத்தில் அவளுக்கு எச்சரிக்கை. அடுத்த கணம் அதைவிடப் பெரிய அலறல் எங்கள் வரிசையிலேயே கேட்டது. மாப்பிள்ளையின் தாயார்! பால்காரன் முதல் பெற்ற மகன் வரை பார்த்து நடுங்குகிற அம்மையார், கமலத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார். கமலம் மட்டும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைட் போட்ட பிறகுதான் அம்மையார் கையை விட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் கலியாணத் தரகர் வந்தார்.

"மாப்பிள்ளையின்ர தாய் வேண்டாமெண்டிட்டா, தங்கச்சி. பேய்க்கே பயப்படாத பெட்டை நாளைக்கு மாமிக்குப் பயப்படுவாளோ எண்டு கேக்கிறா."

தங்கை அப்படியே உட்கார்ந்து அழுதாள். முந்தி வந்த சம்பந்தமும் கைகூடும் நேரத்தில்தான் தட்டிப்போனது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "கிழமைக்குக் கிழமை ஊருக்குப் புத்தி சொல்லுறியள், அண்ணை. ஒரு படம் பாத்து எடுக்கத் தெரியாதோ? என்ர பிள்ளையின்ர வாழ்க்கை உங்களுக்குப் பகிடியோ?"

பற்பொடி விளம்பரத்தின் மேல் பழியைப் போடப் பார்த்தேன்.

அப்போது கமலம் உள்ளேயிருந்து வந்தாள். நேரே தரகரிடம் போனாள்.

"எனக்குப் பயமில்லையெண்டு ஆர் சொன்னது? நெஞ்சு திக்குத்திக்கெண்டு அடிச்சது. ஆனா மாமி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடுங்கினவா. நானும் கத்தினா அவாவை ஆர் பிடிக்கிறது? இதையும் போய்ச் சொல்லுங்கோ."

மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். நகம் பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர்... சாட்சாத் அம்மையார்! தங்கை அடுப்படிக்குள் ஓடினாள். நான் பேப்பரை விரித்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மையார் எங்களைச் சட்டை செய்யவில்லை. கமலத்தின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"நோகுதோ, பிள்ளை?"

"இல்லை, மாமி."

"பொய் சொல்லாதை." கையை அவர் விடவேயில்லை. "அவன்ர அப்பா போனாப் பிறகு, பயம் வந்தாப் பிடிக்கிறதுக்கு எனக்கொரு கை இருக்கேல்லை. எனக்குப் பயமெண்டு ஒண்டு இருக்கெண்டே ஒருத்தரும் நினைக்கிறேல்லை." சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது. நல்லவேளை, பேப்பர் மறைத்தது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோப்பி போடு, பிள்ளை. சீனி குறைய" என்றார் பழைய அதிகாரக் குரலில்.

அன்றே கலியாணம் பேசி முற்றாகிவிட்டது.

"மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கோ?" என்று கமலத்திடம் ரகசியமாகக் கேட்டேன்.

"அவர்தான் முகத்தை லேஞ்சியாலை மூடிக்கொண்டு இருந்தவர். எப்பிடிப் பாக்கிறது, மாமா? மாமியைப் பாத்தனான். எனக்கு அதுவே காணும்!"

ஆகவே வாசகர்களே, எது பயங்கரமான படம் என்று இனி என்னைக் கேட்காதீர்கள். அன்று தியேட்டரில் தங்கை திரும்பிப் பார்த்த பார்வைக்கு முன்னால் அந்தக் கோட்டுக்காரர் எந்த மூலைக்கு?

மாப்பிள்ளை லேஞ்சியை எடுத்துவிட்டாரா என்று மட்டும் வெள்ளவத்தை வாசகர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.