ஓசைப்படாத மோட்டார்

கடற்படையில் இருந்தேன் என்றால் ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் கேட்பது, "எத்தனை நாடு பாத்திருக்கீங்க?" என்பதுதான். நான் பார்த்ததெல்லாம் பம்புகள். பொறியியல் பிரிவு அதிகாரி. வேலைக்காலத்தின் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கூடத்தில் கழிந்தது. கப்பலுக்குள் ஓடும் பம்பின் அதிர்வு வெளியே கேட்டால் எதிரி மோப்பம் பிடித்துவிடுவான். அதைத் தடுக்க நான் ஒரு ரப்பர் தாங்கி வடிவமைத்தேன். கூட்டத்துக்குக் கூட்டம் பாராட்டினார்கள், முந்திரி பிஸ்கட் கொடுத்தார்கள், "அடுத்த கப்பலில் போட்டுப் பார்க்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த கப்பல் வருவதற்குள் எனக்கு ஓய்வு வந்துவிட்டது. என் தாங்கி ஒருமுறையாவது ஒரு மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் ஓய்வு பெறவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தொட்டித் தண்ணீரை மாடிக்கு ஏற்ற ஒரு மோட்டார் உண்டு. அது போடும் ஓலத்தில் பக்கத்து வீட்டு டிவி சீரியல் எனக்குக் கேட்காது. அதனால் விளைந்த நன்மை அது ஒன்றுதான். சங்கச் செயலாளரிடம் பேசினேன். "நேவி சாரே சொன்னா அப்பீல் ஏது? செஞ்சிடுங்க" என்றார். கூட்டமில்லை, கோப்பில்லை, பிஸ்கட்டும் இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் தகடு வெட்டி, ரப்பர் ஒட்டி, தாங்கிகளை நானே மோட்டாருக்கு அடியில் பொருத்தினேன். மோட்டார் ஓடியது, சத்தம் இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் விருந்தாளிகள். வாட்ச்மேன் சாயங்காலம் மோட்டாரைப் போட்டார். வழக்கமாகக் கீழ்த்தொட்டி காலியானால் ஓலம் கீச்சென்று மாறும், யாராவது "ஆஃப் பண்ணுங்க!" என்று கத்துவார்கள். எங்கள் அடுக்ககத்தின் ஒரே எச்சரிக்கை மணி அதுதான். அதைத்தான் நான் வெற்றிகரமாக ஒழித்திருந்தேன். மோட்டார் தண்ணீரில்லாமல் அமைதியாக ஓடி, அமைதியாகக் கருகியது.

விடியற்காலையில், குளித்துவிட்டுப் பரமபத வாசலுக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில், குழாயில் காற்றுதான் வந்தது. அத்தனை பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறைக்குக் கிளம்பினார்கள். மூன்றாம் மாடி மாமி என்னைப் பார்த்து நின்றார். "சத்தம் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடிண்டிருந்தது. உங்களை யார் கேட்டா?"

செயலாளர் புது மோட்டாரை தாங்கி எதுவும் இல்லாமல் நேராக சிமென்ட் மேடையிலேயே போல்ட் போட்டு முடுக்க வைத்தார். கட்டடமே அதிர்ந்தது. "இப்பதான் சார் மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு" என்றார். கழற்றிய தாங்கிகள் குப்பைத்தொட்டியோரம் கிடந்தன. அவமானத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சில நாள் கழித்து மனைவி இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். நடுங்கி நடுங்கி மேடை ஓரத்துக்கு நகர்ந்து வரும் எங்கள் கிரைண்டர் அன்று இருந்த இடத்திலேயே இருந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் என் தாங்கிகள், நன்றாக அலம்பித் துடைத்து. கிரைண்டர் மேல் கையை வைத்தேன். அதிர்வே இல்லை. என் ஆராய்ச்சி ஒருவழியாகப் பணியில் சேர்ந்துவிட்டது.

"இதை முன்னாடியே பண்ணித் தரப்படாதா?" என்றாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து கிரைண்டரை ஒரு கையால பிடிச்சிண்டேதானே அரைச்சிண்டிருக்கேன்."