தொட்டி வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், தன் காலடியில் இல்லாத ஒரு பிரேக்கை மிதித்து மிதித்தே ஆயுளைக் கழிக்கிறான். எனக்கு மழை நாட்களில் அந்தக் கால் இன்றும் வலிக்கிறது. உங்களில் யாராவது ஒரே கம்பெனி வண்டியைக் கட்டிக்கொண்டு, ஊரார் சொன்ன எந்த நல்ல புத்தியையும் கேட்காமல் மாரடித்திருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது.

என் வண்டி ஓர் இங்கிலீஷ் கம்பெனி செய்த பந்தய ரகம். தாழ்வான உடம்பு, கூரை கிடையாது, இரண்டே சீட்டு. மதனப்பள்ளிப் பக்கம் ஒரு துரையிடம் அதைத் துடைக்கும் வேலையில் சேர்ந்து, துடைத்துத் துடைத்தே அதன் உள்விவரம் எல்லாம் தெரிந்துகொண்டேன். துரை கப்பலேறியபோது அது என்னிடம் வந்தது. சித்தூரில் அதை வைத்துத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். வலது சீட்டில் படிக்க வந்தவர், இடது சீட்டில் நான், நடுவில் கைப்பிரேக். ஆபத்துக்கு அது ஒன்றுதான். ஊர்க்காரர்கள் வண்டிக்கு வைத்த பெயர் தொட்டி. தொட்டியை விற்று நாலு பேர் உட்காரும் வண்டி வாங்காவிட்டால் ஸ்கூல் நிலைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். என் மனைவி கோவிந்தம்மாள் மட்டும் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

கரையான்

அந்த ரக வண்டிக்கு மேலே தகடு, உள்ளே மரச்சட்டம். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கதவைத் திறந்தேன். கதவு கையோடு வந்துவிட்டது. சட்டம் முழுக்கக் கரையான். காருக்குக் கரையான் பிடித்தது என்று நான் சொன்னபோது மெக்கானிக் ஷெட்டில் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

கடைசியில் கதவு, நிலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வண்டியை இரண்டு சுற்று சுற்றிவந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"செஞ்சு குடுத்துடலாங்க. மாடு எந்தப் பக்கம் கட்டுவீங்க?"

குடி

ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிதில் லைசென்ஸ் பரீட்சைக்குக் குண்டூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இன்ஸ்பெக்டராக வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தொட்டியில் பரீட்சை நடந்தால் இன்ஸ்பெக்டர் என் இடத்தில் உட்காருவார். நான் ரோட்டில் நிற்க வேண்டும். கூரை இல்லாததால் பேசுவது மட்டும் நன்றாகக் கேட்கும்.

திருத்தணியிலிருந்து ஏகாம்பரம் என்ற சேலை வியாபாரி என்னிடம் படித்தார். நல்ல கை. பரீட்சையன்று முச்சந்தியில் இன்ஸ்பெக்டர், "குடி, குடி" என்றார். தெலுங்கில் அது வலது பக்கம். ஏகாம்பரமோ வீட்டில் தமிழ் தவிர வேறு பேசாதவர். அதிலும் அது மதுவிலக்குக் காலம். இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தி மறுபடி "குடி!" என்றதும், ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். தொட்டி நேராகப் போய் ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. தலையெல்லாம் வைக்கோலோடு ஏகாம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சத்தியமா இல்லிங்க ஐயா, எங்க வம்சத்துலயே யாரும் குடிச்சதில்லிங்க."

மறுபடியும் அதே

ஆசாரி செய்த சட்டத்தோடு தொட்டி கொஞ்சகாலம்தான் ஓடியது. பிறகு அடியில் தாங்கும் இரும்புச் சேஸ் விட்டது. கோவிந்தம்மாள் கூடக் கிளம்பி வந்தாள், மெட்ராஸுக்குப் போனோம். புரோக்கர் ஒரு பெரிய வண்டியைக் காட்டினார். நாலு கதவு, கூரை, பின்சீட்டில் படுத்துத் தூங்கலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஷெட்டின் மூலையில், கோணித்துணிக்கு அடியில், எனக்குப் பழக்கமான மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதே கம்பெனி, அதே ரகம், கொஞ்சம் பிந்திய மாடல். பழைய தொட்டியின் கரையான் கதையைச் சொல்லிவிட்டு, அதன் விலையைக் கேட்டேன்.

கோவிந்தம்மாள் முந்தானையால் அதன் இடது சீட்டைத் தூசு தட்ட ஆரம்பித்தாள். புரோக்கர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்:

"போன தரம் கடிச்ச நாயையே தேடி வந்து வாங்கறவங்கள இன்னிக்குத்தான் சார் பார்க்கறேன்."

ஊர்வலம்

புது வண்டிக்கும் ஊரில் தொட்டி என்றே பெயர். அடுத்த வருஷம் வேலூர் ரோட்டில் இன்னொருவர் ஸ்கூல் திறந்தார். கூரை போட்ட வண்டி. கற்றுக்கொள்கிறவர் திணறுவதை ஊர் பார்க்காது. பின்சீட்டில் துணைக்கு அண்ணனோ மாமியாரோ உட்காரலாம். என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த லேடி டாக்டர் கார் பழக வேண்டும் என்று தம் தாயாரோடு வந்தார். டாக்டருக்குத் தொட்டியைப் பிடித்துவிட்டது. மேலே ஒரு தடவை தடவிக்கூடப் பார்த்தார். தாயார், தாம் எங்கே உட்காருவது என்று கேட்டார். நான் இரண்டு சீட்டையும் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அயல் ஆம்பளை பக்கத்துல உக்கார வெச்சு ஊர்வலம் விடறதுக்கா இவள டாக்டருக்குப் படிக்க வெச்சேன்?"

இரண்டில் ஒன்று

அன்று சாப்பிடும்போது கோவிந்தம்மாளிடம் சொன்னேன், விற்றுவிடப் போகிறேன் என்று. விற்றுவிட்டு எல்லோரையும் போல ஒன்று வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஸ்கூலை மூடவேண்டியதுதான். அவள் ரசம் ஊற்றினாள். அவள் புத்தூர்க்காரி, எலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள். பதறுவதில்லை. தட்டை எடுக்கும்போதுதான் பேசினாள்:

"வித்துட்டு வந்து எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பார்த்துக்கினு இருப்பீங்க. அதுக்கு எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க, பொம்பளைங்களுக்கு நான் சொல்லிக்குடுக்கறேன்."

நயம்

அவளுக்குக் கற்றுக்கொடுத்த நாட்களில் நான் மிதித்த மிதியில் தொட்டியின் அடித்தகடு பள்ளமாகிவிட்டது. ரோட்டோரம் நின்று ஜனங்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கூரையில்லாத வண்டியில் காதைப் பொத்திக்கொள்ளவும் வழியில்லை. அவள் தலையில் முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினாள்.

பரீட்சைக்கு அதே குண்டூர் இன்ஸ்பெக்டர். நான் வழக்கம்போல ரோட்டில். வேடிக்கை பார்க்கக் கடைக்காரர்கள் கடையை விட்டு வந்திருந்தார்கள். "குடி" என்றார், வலது பக்கம் திரும்பினாள். "எடம" என்றார், இடது பக்கம் திரும்பினாள். புத்தூரில் பிறந்தவளுக்கு இரண்டு பாஷையும் ஒன்றுதான். வண்டியைக் கொண்டுவந்து என் செருப்பு நுனியில் நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என்னிடம் தெலுங்கில் சொன்னார்:

"மீகண்ட்டே ஆமே நயம்."

உங்களைவிட அந்த அம்மாவே மேல் என்று அர்த்தம். மறுநாள் லேடி டாக்டர் வந்தார். தாயார் தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு டீச்சர்கள் வந்தார்கள், மாம்பழ மண்டிக்காரர் வீட்டு மருமகள்கள் வந்தார்கள். ஸ்கூல் நிலைத்தது. தொட்டியும் நிலைத்தது.

பெயர் மாறிய கை

அன்று தோற்றுப்போன ஏகாம்பரம், கார் ஆசையையே விட்டிருந்தார். சில வருஷம் கழித்துத் திடீரென்று வந்து நின்றார். இந்தத் தடவை தெலுங்கில் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொடுங்கள் என்றார். குடி, எடம, ஆப்பு எல்லாம் மனப்பாடம் செய்தார். ஆப்பு என்றால் நிறுத்து என்பதைச் சிரிக்காமல் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. பரீட்சைக்குப் போவதற்குள் எல்லைத் தகராறு தீர்ந்தது. சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது, திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. அவர் அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டரிடம் போக வேண்டியதாயிற்று. அங்கே இன்ஸ்பெக்டர் "வலது" என்றார். மனப்பாடம் செய்து செய்து, தாய்பாஷையில் சொன்னது ஏகாம்பரத்துக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லையாம். லைசென்ஸ் கிடைத்ததைச் சொல்ல இனிப்போடு வந்தவர், எங்கள் வாசலில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டார்:

"காரு மாறல, ரோடு மாறல. என் சோத்துக்கை மட்டும் பேரு மாத்திக்கினு திரியுது."

கோவிந்தம்மாள் அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை.

புத்தூர்க் கட்டு

பிறகு அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதைப்பற்றி அதிகம் எழுத எனக்கு வரவில்லை. பெண்கள் வருவது நின்றது. நான் மட்டும் தினமும் தொட்டியை வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு சுற்று போய் வந்தேன். ஒருநாள் வண்டியைக் கிளப்ப முன்னால் நின்று ஹேண்டில் சுற்றும்போது இஞ்சின் திருப்பி உதைத்து, மணிக்கட்டு முறிந்தது.

லேடி டாக்டர் அதற்குள் பெரிய டாக்டராகியிருந்தார். கூரை போட்ட சொந்தக் கார். மாவுக்கட்டு போடுகிறேன் என்றார். புத்தூர்க் கட்டுதான் வேண்டும் என்றேன். அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, தாமே கூட்டிப்போவதாகச் சொன்னார். கட்டுப்போடும் இடத்தில் ஒரு டாக்டரின் கார் நின்றால் நன்றாயிராது, சந்து முனையில் இறங்கிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை.

வழியெல்லாம், எதிரே லாரி வந்தபோதும் ஆடு குறுக்கே வந்தபோதும் நான் இடது சீட்டில் இருந்து காலை மிதித்துக்கொண்டே போனேன். சந்து முனையில் நிறுத்திவிட்டு, அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்:

"எனக்குக் கத்துக்குடுத்தப்ப உங்க வீட்டம்மா ஒரு நாளும் இப்படி மிதிச்சதில்லைங்க. கை மட்டும் பிரேக்மேல இருக்கும். இருக்கறதே தெரியாது."

ஒரே ரக வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் நான் கடைசியாகக் கண்டது, இரண்டு சீட்டு வண்டியில் ஒருத்தனாகவே போய்வந்துகொண்டிருந்தால் வலது பக்கத்து டயர்தான் முதலில் தேய்கிறது என்பதுதான்.