சுறா எனக்கு, சாளை அவளுக்கு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்கள் மூத்த மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அலுவலகம் விட்டதும் நேரே நூலகத்துக்குப் போய் இங்கிலீஷ் பத்திரிகைகளை மேய்வதும், மேய்ந்ததை வீட்டில் அமலுக்குக் கொண்டுவரப் பார்ப்பதும் என் வழக்கம். என் மனைவி அதை மழை மாதிரி நினைத்து ஒதுங்கி நின்றுவிட்டு, ஓய்ந்ததும் தன் வேலையைப் பார்ப்பாள்.

அந்த மாதம் நான் படித்தது மீனைப் பற்றி. ஜப்பானில் ஒரு கடலோர ஊர். தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் மீனுக்குள் போய், மீனைத் தின்றவர்களுக்கு நரம்பு கெட்டு, வயிற்றில் இருந்த பிள்ளைகள்வரை பாதிக்கப்பட்டார்கள் என்று போட்டிருந்தது. நான் படித்தது பாதிக் கட்டுரைதான். மீதிப் பக்கத்தை எனக்கு முன்னால் வந்த அறிவுப் பசிக்காரர் யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார். பாதியே எனக்குத் தாராளமாகப் போதும். இனிமேல் இந்த வீட்டில் மீன் கிடையாது என்று அன்றே அறிவித்துவிட்டேன். விழிஞ்ஞத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

"எந்தா சாரே, சாமியாயிப் போயோ?" என்று, நான் மலைக்கு மாலை போட்டு மீனை விட்டுவிட்டதுபோலக் கேலி செய்துவிட்டுப் போனாள்.

என் மனைவிக்கு மீன் இருந்தால்தான் சோறு இறங்கும். மீன் நின்றதும் சோறும் பாதியாகக் குறைந்தது. அவளும் மெலிந்தாள். பிள்ளை பால் குடித்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி வீரிட்டு அழுதாள். பால் போதவில்லை. நானோ, பாதரசத்திலிருந்து இருவரையும் காப்பாற்றிவிட்ட திருப்தியில் இருந்தேன்.

அப்போதுதான் நாகர்கோவிலிலிருந்து மைனி வந்து இறங்கினார். மைனி என்றால் என் மனைவியின் அக்கா. தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர். அவர்கள் குடும்பத்தில் யார் வீட்டுப் பேறுகாலம் என்றாலும் மைனி சொல்வதுதான் சட்டம். கையில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் முந்தின நாள் குளச்சலில் வாங்கி உப்புப் பூசிய சுறாத் துண்டு. ஆள் நீளச் சுறாவில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டியதாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம்.

"இத அவிச்சு, தோல உரிச்சு, உள்ளியும் பூண்டும் போட்டுப் புட்டு கிண்டிக் குடுத்தா பாலு தன்னால வரும் மாப்ள" என்றார்.

"வேண்டாம் மைனி. மீன்ல பாதரசம் இருக்கு."

"அத எடுத்துக் களஞ்சிட்டுத்தான் கிண்டுவேன்."

"அத எடுக்க முடியாது மைனி."

"நீங்க எடுத்துப் பாத்தியளா?"

உள்ளே இருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அக்கா, அவ்வோ அடுக்களையில நின்னு மீனப் பாத்ததே இல்ல. புஸ்தகத்துல பாத்ததுதான்."

அன்று பிள்ளையை எடை பார்க்கக் கொண்டுபோக வேண்டிய நாள். டாக்டரம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று மைனி சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். இருவருமே ஜெயிக்கப்போகும் கட்சிக்காரர்கள் போல டாக்சியில் ஏறினோம்.

டாக்டரம்மா மலையாளி. மதராஸில் படித்தவர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். தராசைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. பிள்ளை ஏற வேண்டிய எடை ஏறவில்லை.

"என்னம்மா சாப்பிடறே?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"சோறும் ரசமும்."

"மீன்?"

"இவ்வோ வேண்டாம்னுட்டாவ."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சார் டாக்டரா?"

"இல்லை, குமாஸ்தா."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு."

நான் ஜப்பானைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. படித்தது சரிதான் என்றார். ஆனால் நம் கடல் அந்த ஊர்க் கடல் இல்லை, மீனை அடியோடு நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும்தான் நஷ்டம் என்றார். சாளை, நெத்தோலி, அயிலை மாதிரிச் சின்ன மீனாகப் பார்த்து வாரத்தில் இரண்டு மூன்று தடவை தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். மைனி என்னைப் பார்த்த பார்வையில் வீட்டிலிருந்த ஓலைப்பெட்டி அப்போதே திறந்துகொண்டது.

"ஆனா சுறா வேண்டாம், கேட்டோ" என்றார் டாக்டரம்மா.

பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்றே வளர்கிறது, ரொம்ப வருஷம் உயிரோடு இருக்கிறது, அதனால் அத்தனை மீனின் பாதரசமும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் உடம்பில் சேர்ந்துவிடுகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். வயிற்றுப் பிள்ளைக்கும் பால் குடிக்கிற பிள்ளைக்கும் மூளை வளருகிற சமயம் இது. அதனால் அந்தத் தாய்மார்கள் சுறா மாதிரிப் பெரிய மீனைத் தொடாமல் இருப்பதே நல்லது என்றார்.

"நல்லா மஞ்சப் போட்டு அவிச்சா போகாதா?" என்று மைனி கேட்டார்.

"போகாது. அது தோல்லயோ குடல்லயோ இல்லம்மா. சதைக்குள்ளயே இருக்கு."

மைனி குரல் இறங்கிக் கேட்டார். "நான் மூணு பெத்தேன். மூணுக்கும் சுறா தின்னுதான் பால் குடுத்தேன். அப்ப எம் பிள்ளையளுக்கு?"

டாக்டரம்மா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "எப்படி இருக்காங்க?"

"மரம் ஏறி எறங்குகானுவ."

"அப்ப பயப்படாதீங்க. ஒரு தடவை ரெண்டு தடவை தின்னதால ஒண்ணும் வராது. அடிக்கடி தின்னாத்தான் சேரும். இனிமே வேண்டாம், அவ்வளவுதான்."

"கொண்டாந்த சுறாவ என்ன செய்ய?"

டாக்டரம்மா என்னைச் சுட்டிக்காட்டினார். "இவருக்குக் கொடுங்க. இவர் பால் கொடுக்கப் போறதில்லையே."

வீடு வரும்வரை மைனி டாக்சி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்று எனக்குப் பயம். உறவில் எத்தனையோ பிள்ளைபெற்ற பெண்களுக்குத் தன் கையால் சுறாப்புட்டு கிண்டிப் போட்டவர். ஒரு காலை நேரத்தில் அவருடைய சட்டப்புத்தகத்தைப் பிடுங்கிவிட்டோமே என்றிருந்தது. அவரோ டாக்சியை விட்டு இறங்கியதும், "நாளைக்கு மீன்காரிய வரச் சொல்லும் மாப்ள" என்றார்.

மறுநாள் காலையில் நானே வாசலில் நின்று மீன்காரம்மாவைக் கூப்பிட்டேன். "சாமி மலை எறங்கி வந்தோ?" என்று கேட்டுக்கொண்டே அவள் கூடையை இறக்கினாள். மைனி கை நிறையச் சாளை அள்ளினார். மற்ற ஊர்களில் மத்தி என்பார்களே, அதுதான். குழம்பு வைப்பார் என்று நினைத்தேன். அவரோ அவித்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முள் எடுக்க உட்கார்ந்தார். சுறாவில் முள்ளே கிடையாது, பிசைந்தால் உதிர்ந்துவிடும். சாளையிலோ முள்ளுக்கு நடுவில்தான் மீன். மயிர் மாதிரி மெலிந்த முள்ளையெல்லாம் விரல் நுனியால் தடவித் தடவி எடுத்தார். மதியம் என் மனைவியின் இலையில் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுக் கிண்டிய புட்டு இருந்தது. அவள் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதை ரொம்ப நாள் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

என் இலையில் சுறா. தடைச் சட்டம் போட்ட நானே, ஒவ்வொரு வாய்க்கும் ஜப்பானை நினைத்துக்கொண்டு தின்று தீர்த்தேன். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் பிள்ளை பார்க்க உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். மைனி வழக்கம்போல முள் எடுத்துக்கொண்டிருந்தார். "சுறாப்புட்டு குடுத்தாச்சா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"சுறா வேண்டாம் மக்கா. பெரிய மீன்ல பாதரசம் கூடுதலு. பிள்ளைக்கு ஆகாது. சின்ன மீனுதான் நல்லது."

"போன வருசம் எனக்கு நீங்கதான கிண்டித் தந்திய?"

பதில் சொல்ல மைனி திணறுவார் என்று நான் பேப்பருக்குப் பின்னால் காத்திருந்தேன். அவர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"ஆமா, நாந்தான் தந்தேன். அப்பத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு. அடுத்த பிள்ளைக்கு நானே வந்து சாளைப்புட்டு கிண்டித் தாறேன்."

அவ்வளவுதான். சமாதானமும் இல்லை, சாக்கும் இல்லை. அடுத்த தடவை எடை பார்த்தபோது என் மகளுக்கு எடை ஏறியிருந்தது. தாய் வயிறு நிறையச் சாப்பிட்டதாலும் பிள்ளை அடிக்கடி குடித்ததாலும்தான் பால் வந்தது, புட்டுக்குத் தனி மகிமை ஏதுமில்லை என்றார் டாக்டரம்மா. அதையும் மைனி தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் நான் எத்தனையோ படித்துவிட்டேன், கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே படிக்கிறேன். ஆனால் "அப்பத் தெரியாது, இப்பத் தெரிஞ்சு" என்று மைனி முள் எடுத்தபடியே சொன்ன அந்த வாக்கியம் மட்டும், நான் சொல்ல வேண்டிய நேரங்களில் எல்லாம், அன்று தின்ற சுறாவைவிடக் கஷ்டமாகத்தான் இன்னமும் என் வாயிலிருந்து வருகிறது.