நம்ம ஆறுதானே என்று இறங்கினோம்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன கோடை லீவில் கணவர், மகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம்.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கோட்டை எல்லாம் பார்த்துவிட்டுத் தெற்கே போனால், ஒரு பாலத்தில் ‘பாலாறு’ என்று போர்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெறும் மணலாகக் கிடக்கிற அதே ஆறு.

“நம்ம ஆறுங்க, கடல்ல சேர்ற எடத்தைப் பார்த்துட்டே போலாம்” என்றேன்.

முகத்துவாரத்தில் நடுவே ஒரு மணல்திட்டு. இடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். ஊரில் ஆற்றுக்குள் நடந்தே அக்கரையில் இருக்கும் ஆற்காடு போகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு தண்ணீரா? செருப்பைக் கரையில் விட்டுவிட்டுப் போய், திட்டில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

“அம்மா, செருப்பு போவுது!” என்று மகள் கத்தியபோதுதான் திரும்பினேன். கடல் ஏறி, வந்த வழி முழுக்கத் தண்ணீர். கணவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். பாதி வழியில் மார்பளவு வந்துவிட்டது. காலடியில் மணல் நழுவியது.

“இன்னா ஆனாலும் என் சட்டையை வுடாதே” என்றார் என்னிடம். கரையேறிய பிறகும் என் பிடி தளரவில்லை.

இப்போதெல்லாம் வெளியூர்த் தண்ணீரில், அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் கால் வைப்பதில்லை. காய்ந்த எங்கள் பாலாற்றில் இறங்கும்போதும் ஒரு தடவை நின்று, தண்ணீர் வருகிறதா என்று மேற்கே பார்க்கிறேன். கணவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவரும் நின்று பார்க்கிறார்.